மூன்று வழிகளும் ஒன்றானால்: பிறந்த பெண்பிள்ளையிடம் உடனே பார்க்க வேண்டியது

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கிறது. தாய்வீட்டுக்குப் புறப்பட்ட நிறைமாத கர்ப்பிணி ஒருத்திக்கு வழியிலேயே வலி கண்டுவிட, ஈசனே அவளுடைய தாயாக வந்து பேறுகாலம் பார்த்தான் என்று தலபுராணம் சொல்கிறது. சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் அங்கே வேண்டிக்கொள்கின்றன.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். தமிழகத்தில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. பிள்ளை பிறந்தால் அழுததா என்று பார்க்கிறார்கள், எடை போடுகிறார்கள், ஆணா பெண்ணா என்று வெளியே காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறார்கள். பிறகு துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் கிடத்துகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது போதும். மிகச் சில பெண் குழந்தைகளுக்கு, துணி சுற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய இன்னொரு சோதனையில்தான் உயிரும் சிறுநீரகமும் இருக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் தொடைகளை விரித்து, சிறுநீர்த் துளை, யோனித் துளை, மலவாய் மூன்றும் தனித்தனியே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதே அந்தச் சோதனை. அதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம்.

மூன்றுக்குப் பதிலாக ஒரே துளை இருந்தால் அதைக் க்ளோயகா குறைபாடு என்கிறார்கள் மருத்துவர்கள். பள்ளி உயிரியல் பாடத்தில் தவளையைப் பற்றிப் படிக்கும்போது வரும் பொதுப்புழைதான் இது. உலக அளவில் சுமார் 50,000 பிறப்புகளில் ஒன்று என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். 20,000க்கு ஒன்று என்ற மதிப்பீடும் உண்டு. தமிழகத்தில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அந்தக் கணக்கில் இப்படிப் பிறக்கும் பெண் குழந்தைகள் மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்கு இருபது என்ற அளவில் இருப்பார்கள். விருதுநகர் போன்ற ஒரு மாவட்டத்தில் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருத்தி பிறக்கலாம். ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்து ஓய்வுபெறும் செவிலியர்கூட தம் பணிக்காலத்தில் ஒன்றையும் காணாமல் போகலாம். கண்டதில்லை என்பதாலேயே தேடத் தோன்றுவதில்லை. இந்தக் குறைபாட்டின் முதல் ஆபத்து இதுதான்.

கருவில் நடப்பது

கருவுற்ற நான்காவது வாரத்தில் ஆணாயினும் பெண்ணாயினும் எல்லாக் கருவிலும் குடலின் கடைசிப் பகுதியும் சிறுநீர்ப் பாதையும் ஒரே பொது அறையில்தான் முடிகின்றன. கோழிக்கும் பல்லிக்கும் தவளைக்கும் அந்த அமைப்பு ஆயுள் முழுவதும் நிலைக்கிறது. மனிதக் கருவில் அந்த அறையின் நடுவே ஒரு தடுப்பு இறங்கி, ஏழாவது வார அளவில் முன்பக்கத்தைச் சிறுநீருக்கும் பின்பக்கத்தை மலத்துக்கும் பிரித்துவிடுகிறது. பெண் கருவில் கருப்பையும் யோனியும் பின்னர் இந்த இரண்டுக்கும் நடுவில் உருவாகின்றன. தான் கர்ப்பம் என்பதைத் தாய் உறுதிசெய்துகொள்ளும் நாட்களிலேயே இந்தப் பிரிவினை முடிந்துவிடுகிறது.

பிரிவினை பாதியில் நின்றால் மூன்று வாய்க்கால்களும் ஒரே மடையில் வந்து விழுவதைப் போல மூன்று பாதைகளும் உள்ளே ஒன்றுகூடி ஒரே துளையாக வெளியே திறக்கும். அந்தப் பொதுப்பாதை சிலருக்கு ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், சிலருக்கு ஐந்தையும் தாண்டும். குழந்தையின் வருங்காலம் பெரும்பாலும் இந்த நீளத்தைப் பொறுத்தது. 3 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சரிசெய்யும் அறுவை சிகிச்சை ஓரளவு எளிது. பெரும்பாலான குழந்தைகள் வளர்ந்தபின் தாமாகவே சிறுநீர் கழிக்கிறார்கள். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் சிகிச்சை மிகக் கடினம். பெரும்பாலோருக்குக் குழாய் வைத்துச் சிறுநீரை எடுக்க வேண்டிவருகிறது.

கோளாறு துளையோடு நிற்பதுமில்லை. இந்தக் குழந்தைகளில் பெரும்பான்மையோருக்குச் சிறுநீரகத்திலோ சிறுநீர்க் குழாய்களிலோ வேறு குறை இருக்கிறது. முதுகெலும்பின் அடிப்பகுதி, இதயம், உணவுக்குழாய் ஆகியவற்றிலும் குறை இருக்கலாம். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு யோனியோ கருப்பையோ இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆகவே ஒரே துளை என்று கண்டவுடன் குழந்தையை முழுமையாகச் சோதிப்பது கட்டாயம்.

கண்ணால் காணும் நோய்

சோதனையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். குழந்தை சூடேற்றியின் கீழ் மல்லாந்து கிடக்கிறது. செவிலியர் கையுறை போட்டு, இரண்டு கால்களையும் மடக்கி மெல்ல விரிக்கிறார். பிறந்த பெண் குழந்தையின் பிறப்புறுப்பு தாயின் ஹார்மோன்களால் சற்று வீங்கியே இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு விரல்களால் இதழ்களைப் பக்கவாட்டில் பிரித்து, சற்றே தன்பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் உள்ளே தெரியும். மேலே சிறுநீர்த் துளை, அதன்கீழே யோனித் துளை. பிறகு இதழ்களை விட்டுக் கீழே வந்தால், சற்று இடைவெளி விட்டு, சுருக்கங்களோடு மலவாய். விளக்கு வெளிச்சம் நேராக விழுந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதில் மூன்று விதமாகக் காணலாம். மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தால் கவலையில்லை. முன்னால் ஒரே துளை, பின்னால் மலவாய் இல்லை என்றால் க்ளோயகா. முன்பக்கத்திலேயே மூன்று துளைகள் நெருக்கமாக இருந்து, மலவாய் இருக்க வேண்டிய இடம் மூடியிருந்தால், குடல் யோனி வாசலில் திறந்திருக்கிறது என்று பொருள். பெண் குழந்தைகளின் மலவாய்க் குறைபாடுகளில் அதிகம் காணப்படுவது இந்த மூன்றாவது வகைதான். மலவாய்க் குறைபாடுகளை எல்லாம் சேர்த்தால் சுமார் 5,000 பிறப்புகளுக்கு ஒன்று வரும்.

இந்த மூன்றாவது வகையே பலரையும் ஏமாற்றுகிறது. குழந்தைக்கு மலம் போகிறது, துணி நனைகிறது, பால் குடிக்கிறது. எனவே எல்லாம் சரி என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சியும் சோறும் கொடுக்கத் தொடங்கியதும் மலம் இறுகி, வயிறு உப்பி, முக்கி முக்கி அழுகிற குழந்தையாகத் திரும்பி வருகிறாள். க்ளோயகாவிலும் இந்த ஏமாற்றம் உண்டு. முதல் மலமான காட்டுப்பீ அந்த ஒற்றைத் துளை வழியாகவே வெளியேறலாம். அதைக் கண்டு மலப்பாதை திறந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆகையால் மலம் போயிற்றா என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த வழியாகப் போயிற்று என்று கேட்க வேண்டும்.

முதல் இரண்டு நாட்கள்

ஒரே துளை என்று தெரிந்தால் உடனே பார்க்க வேண்டியது சிறுநீர். பாதை ஒன்றானதால் சிறுநீர் வெளியே வருவதற்குப் பதில் பின்னோக்கி யோனிக்குள் போய்த் தேங்கலாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இப்படி நடக்கிறது. யோனி பலூனாக வீங்கி, சிறுநீர்ப்பையின் வாயையும் சிறுநீர்க் குழாய்களையும் அழுத்தும். சிறுநீரகங்கள் வீங்கும். தேங்கிய நீரில் கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும். மலம் போக வயிற்றில் வழி செய்துவிட்டு இந்த நீரை வடிக்காமல் விட்டால், குழந்தை தொடர்ந்து காய்ச்சலிலும் இரத்த அமிலப் பெருக்கத்திலும் தவிக்கும், சிறுநீரகம் கெட்டுப்போகும். ஆகவேதான் கத்தி எடுப்பதற்கு முன்பே, முதல் 24 மணி நேரத்துக்குள், வயிற்றுக்கும் இடுப்புக்கும் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும் என்கிறார்கள் குழந்தை அறுவை நிபுணர்கள்.

முதல் அறுவை சிகிச்சை பெரும்பாலும் பிறந்து ஓரிரு நாட்களில் நடக்கிறது. பெருங்குடலை இடப்பக்க வயிற்றில் இரண்டாகப் பிரித்து, மேல்முனையை மலம் வெளியேற ஒரு வாயாகவும் கீழ்முனையைத் தனி வாயாகவும் தைக்கிறார்கள். இதைக் கொலோஸ்டமி என்பார்கள்; நம்மூரில் ‘வயித்துல வழி போட்டிருக்கு’ என்று சொல்வது இதைத்தான். இரண்டு முனைகளையும் முழுமையாகப் பிரிக்காமல் வளையமாக வைத்தால் மலம் கீழ்முனைக்கும் வழிந்து, அங்கிருந்து சிறுநீர்ப் பாதையைத் தொற்றும். குடலில் மிகக் கீழே வழி போட்டுவிட்டால் பின்னால் மலவாய் அமைக்கக் குடலின் நீளம் பற்றாது. முதல் நாளில் அவசரத்தில் போட்ட ஒரு தையல் பத்து ஆண்டுகளுக்குப் பிள்ளையைத் துரத்தும். அதனால் இந்த முதல் சிகிச்சையும் பழகிய கைகளில்தான் நடக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்த்தால் பழகிய கைகள் மதுரையில் இருக்கின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று போகும் கொல்லம் நெடுஞ்சாலையில் சுமார் 75 கிலோமீட்டர் போனால் அரசு இராஜாஜி மருத்துவமனை. 2008இல் தொடங்கிய 108 சேவை இருப்பதால் தூரம் இன்று பெரிய தடையில்லை. குழந்தையை எப்படி அனுப்புகிறோம் என்பதே கேள்வி. பாலோ, சேனைத்தண்ணியோ வாயில் வைக்கக் கூடாது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு வயிற்றில் உள்ளதை வெளியேற்ற வேண்டும். நரம்பில் குளுக்கோஸ் ஏற வேண்டும். உடல் குளிராமல் தாயின் மார்போடு சேர்த்தோ சூட்டுப்பெட்டியிலோ கொண்டுபோக வேண்டும். ‘பெண் குழந்தை, ஒரே துளை, மலவாய் இல்லை’ என்று சீட்டில் தெளிவாக எழுதி, அங்குள்ள மருத்துவரிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிட வேண்டும். இந்த ஐந்தையும் செய்ய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தால் முடியும்.

அறுவை சிகிச்சை வந்த பாதை

மலவாய் இல்லாமல் பிறந்த பிள்ளைகளைப் பற்றி மருத்துவம் பழங்காலத்திலிருந்தே அறியும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஈஜினா பவுல், அடைத்திருக்கும் சவ்வை விரலாலோ கத்தி நுனியாலோ கிழித்துவிடச் சொன்னார். 1710இல் பிரான்சின் லித்ரே, இப்படி இறந்த ஒரு குழந்தையின் உடலை ஆராய்ந்தபின் குடலை வயிற்றில் திறந்துவிடலாமே என்று யோசனை சொன்னார். அந்த யோசனை 83 ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. 1793இல் பிரெஸ்ட் நகரில் துய்ரே மூன்று நாள் குழந்தை ஒன்றுக்கு அதைச் செய்தார்; அந்தப் பிள்ளை 45 வயதுவரை வாழ்ந்தது. 1950களில் ஆஸ்திரேலியாவின் டக்ளஸ் ஸ்டீபன்ஸ், மலத்தை அடக்கும் தசையைக் காப்பாற்றிக்கொண்டு சிகிச்சை செய்யும் முறையை வகுத்தார். க்ளோயகாவோ அப்போதும் பெரும்பாலோர் தொடத் தயங்கிய குறைபாடாகவே இருந்தது. அதைச் சீராக்கத் துணிந்தவர்களில் பாஸ்டன் நகரின் ஹார்டி ஹென்ட்ரன் முன்னோடி.

திருப்பம் மெக்சிகோவில் வந்தது. 1980 ஆகஸ்டில் ஆல்பெர்ட்டோ பெஞ்ஞா புதிய வழியைக் கையாண்டார். குழந்தையைக் குப்புறக் கிடத்தி, இடுப்பை உயர்த்தி, வால் எலும்பிலிருந்து கீழ்நோக்கி நட்டநடுக் கோட்டில் வெட்டித் திறப்பதே அந்த வழி. நரம்புகளோ இரத்தக் குழாய்களோ அந்த நடுக்கோட்டைக் கடப்பதில்லை. ஆகவே நடுக்கோட்டை விட்டு விலகாதவரை எதுவும் சேதமாகாது. ஒவ்வொரு அடுக்கையும் வெட்டுவதற்கு முன் மின்தூண்டியால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறார்கள். தசை இருபுறமும் சமமாகச் சுருங்கினால் கத்தி சரியான கோட்டில் இருக்கிறது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டு தடவிச் செய்த வேலையைக் கண்ணால் பார்த்துச் செய்ய வழி பிறந்தது. ஓரிரு ஆண்டுகளில் க்ளோயகாவுக்கும் இதே வழியைப் பெஞ்ஞா விரித்தார். 1997இல் சிறுநீர்ப் பாதையையும் யோனியையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்காமல் சேர்த்தே கீழே இறக்கும் முறையை அறிவித்தார். சிகிச்சை நேரமும் குறைந்தது, திசுச் சேதமும் குறைந்தது. தமிழகத்தின் குழந்தை அறுவை நிபுணர்கள் இன்று பின்பற்றுவதும் இந்த வழியைத்தான்.

இந்தப் பெரிய சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் நடக்கிறது. புதிய மலவாயைப் பல மாதங்கள் அளவுக் கம்பிகளால் அன்றாடம் விரித்துவிட வேண்டும். பிறகு மூன்றாவது சிகிச்சையாக வயிற்றில் போட்ட வழியை மூடுகிறார்கள். எனவே குறைந்தது மூன்று சிகிச்சைகள், ஒன்றரை இரண்டு ஆண்டுகள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உதவுகிறது. மதுரைக்கும் ஊருக்குமாக அலையும் பேருந்துச் செலவும், மில்லிலும் தீப்பெட்டி ஆபீசிலும் இழந்த கூலியும் குடும்பத்தின் கைப்பணம்தான்.

பழி தாய்மேல் விழுகிறது

கிரகணத்தன்று வெளியே வந்தாள், காய் நறுக்கினாள், எதைப் பார்த்தோ பயந்தாள் என்று குழந்தையின் குறைக்குத் தாயிடமே காரணம் தேடுவது நம் வழக்கம். அறிவியல் சொல்வது நேரானது. இந்தக் குறைபாட்டுக்கு ஒற்றைக் காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை. பெரும்பாலான குழந்தைகள், குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்தக் குறை இல்லாத நிலையிலேயே பிறக்கிறார்கள். அடுத்த பிள்ளைக்கும் இது வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. தமிழகத்தில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். அது சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. ஆயினும் க்ளோயகாவுக்கு நிறுவப்பட்ட காரணமாக அது இல்லை. குறை உருவான அந்த நாலைந்து வாரங்களில் தாய் செய்ததும் செய்யாததும் இதற்குப் பொறுப்பில்லை. பச்சை உடம்போடு வார்டில் கிடப்பவளிடம் மருத்துவர் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது. கேட்க வேண்டியவர்கள் கணவரும் மாமியாரும்.

கருவிலேயே தெரிந்திருக்காதா என்றும் கேட்கிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் இடுப்புக்குழியில் நீர்ப்பை, வீங்கிய சிறுநீரகங்கள், குறைந்த பனிக்குட நீர் என்று சில அடையாளங்கள் தென்படலாம். பல கர்ப்பங்களில் ஒன்றும் தென்படுவதில்லை. பாலினத்தை வெளியிடத் தடை விதிக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், பிறவிக் குறைகளைக் கண்டறிவதைத் தடுக்கவில்லை. பாலினத்தைச் சொல்லாமலேயே ‘இடுப்பில் நீர்ப்பை, சிறுநீரக வீக்கம், குழந்தை அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவம் வைக்கவும்’ என்று அறிக்கையில் எழுதலாம். அந்த ஒரு வரி 75 கிலோமீட்டர் பயணத்தைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே முடித்துவிடும்.

பெண்ணாகப் பிறந்ததே குறை என்று எண்ணிய காலம் இந்த வட்டாரத்துக்கு அந்நியமானதல்ல. பக்கத்து உசிலம்பட்டியில் பெண் சிசுக்கொலை நாடறிந்த செய்தியானது. அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பெண், அதிலும் உடற்குறை, அதிலும் வெளியே சொல்லக் கூசும் இடத்தில் என்று மூன்றும் சேரும்போது, சிகிச்சை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் உண்டாகின்றன. துளசி வனத்தில் கண்டெடுத்த பெண் குழந்தையைத் தெய்வமாக வணங்கும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இந்தப் பிள்ளைகளைக் கைவிடாமல் இருக்கும் கடமை அந்த ஊருக்குக் கூடுதலாகவே உண்டு.

ஆணா பெண்ணா என்ற குழப்பம்

க்ளோயகாவுடன் பிறக்கும் சில குழந்தைகளுக்கு வெளித்தோல் நீண்டு தடித்து ஆண்குறி போலத் தோற்றம் தரும். பால் தெளிவில்லாத குழந்தை என்று எழுதிவிடவும், குடும்பம் பதறவும் இது இடம் கொடுக்கிறது. கருப்பையும் சினைப்பையும் ஸ்கேனில் தெரிந்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இங்கே சட்டமும் வருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில், இடைப்பால் குழந்தைகளுக்கு அவர்களுடைய சம்மதம் பெற வழியில்லாத வயதில் பாலினத்தை மாற்றியமைக்கும் அறுவை செய்யக் கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலைமைக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியாவில் இப்படி ஆணையிட்ட முதல் மாநிலம் தமிழகம். வயிற்றில் வழி போடுவதும் தேங்கிய நீரை வடிப்பதும் உயிர்காக்கும் சிகிச்சைகள். இந்த ஆணை அவற்றைத் தடுக்கவில்லை. தோற்றத்துக்காக மட்டும் செய்யும் எதையும் பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கும்வரை தள்ளிவைக்கலாம். அந்த வேறுபாட்டைப் பெற்றோருக்கு விளக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

வளரும் பிள்ளை

வயிற்றில் வழியோடு வீடு திரும்பும் குழந்தையின் அன்றாடம் துணியால் ஆனது. ஒட்டும் பைகள் விலை கூடியவை. கோடைப் புழுக்கத்தில் சின்ன வயிற்றில் அவை நிற்பதுமில்லை. பல தாய்மார்கள் குடல்வாயைச் சுற்றித் துத்தநாகக் களிம்பைக் கனமாகப் பூசி, மெல்லிய பருத்தித் துணியை நாலாக மடித்து வைத்து, மேலே ஒரு பட்டித் துணியால் கட்டுகிறார்கள். நனைந்ததும் மாற்றுகிறார்கள், அலசிக் காயப்போடுகிறார்கள். களிம்பு இல்லாமல் விட்டால் ஒரே நாளில் தோல் வெந்து சிவக்கும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம் மருத்துவத் துணிக்குப் பெயர்போனது. காஸ் துணியும் பேண்டேஜும் அங்கே தறிகளில் ஓடி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. அந்த வட்டாரத்திலேயே பிறக்கும் ஒரு குழந்தைக்கு அந்தத் துணியும் களிம்பும் கட்டும் முறையும் இலவசமாகக் கிடைக்கச் செய்வது பெரிய காரியமில்லை.

வழியை மூடியபின் வேறு கட்டம். மலத்தை அடக்க முடியாத பிள்ளைகளுக்குத் தினமும் ஒரே நேரத்தில் எனிமா கொடுத்துக் குடலைச் சுத்தமாக்கினால், அடுத்த இருபத்துநாலு மணி நேரம் துணி நனையாமல் பள்ளிக்குப் போகலாம். சிறுநீர் தானாகப் போகாதவர்களுக்கு மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டு எடுக்க வேண்டும். கை கழுவிவிட்டுச் சுத்தமான குழாயைப் பயன்படுத்தினால் போதும், கிருமிநீக்கம் செய்த கருவிகள் தேவையில்லை என்பதை அமெரிக்காவின் ஜாக் லாபிடெஸ் 1972இல் நிறுவினார். உலகெங்கும் எத்தனையோ சிறுநீரகங்களை அந்த எளிய முறை காத்துவருகிறது. பத்து வயதுப் பெண் அதைத் தானே செய்துகொள்ளக் கற்றுக்கொள்வாள். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை அவளுடைய பள்ளியில் இருக்கிறதா என்பதில்தான் அவளுடைய படிப்பு நிற்கிறது.

அடுத்தது பூப்பு. கருப்பையோ யோனியோ இரண்டாக இருந்து ஒரு பக்கம் அடைத்திருந்தால், மாதவிலக்கு வெளியே வராமல் உள்ளேயே தேங்கும். மாதாமாதம் அடிவயிற்றில் வலி வந்து துடிப்பாள். குடல்வால் வலி என்று தவறாக எண்ண இடமுண்டு. மார்பு அரும்பத் தொடங்கிய ஆறாவது மாதம் ஒரு ஸ்கேன், பிறகு பெரியவளாகும்வரை குறித்த இடைவெளியில் ஸ்கேன் என்று பார்த்துவந்தால் இதைத் தவிர்க்கலாம். சடங்கு வைக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் குடும்பம், அதற்கு முன்பே மருத்துவரிடம் போக வேண்டும். தாம்பத்தியமும் தாய்மையும் சிலருக்குக் கைகூடுகின்றன. பிரசவம் பொதுவாக அறுவை சிகிச்சையால்தான். அந்தரங்கத்தில் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பிள்ளையிடம் வயதுக்கேற்ப, ஒளிக்காமல், தாயோ மருத்துவரோ சொல்லிவர வேண்டும். கல்யாணப் பேச்சு எழும்போது முதல்முறையாகத் தெரியவருவது கொடுமை.

இனி செய்ய வேண்டியவை

அரசின் ஏற்பாடுகளில் இரண்டு இடைவெளிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் முதற்பட்டியலில் பிறவிக் குறைகள் ஒன்பது: தண்டுவடக் குறை, டவுன் நோய்க்குறி, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இடுப்பு மூட்டு விலகல், பிறவிக் கண்புரை, காது கேளாமை, இதயக் குறை, குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோய். மலவாய்க் குறைபாட்டின் பெயர் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. மலமோ சிறுநீரோ அடங்காமல் வாழ்நாள் முழுதும் எனிமாவையும் குழாயையும் நம்பியிருப்பவர்களுக்கு அதில் தனி இடம் இல்லை. உதவித்தொகைக்கும் பேருந்துச் சலுகைக்கும் சான்றிதழ் இல்லாமல் இந்தப் பெண்கள் வெளியே நிற்கிறார்கள். இரண்டையும் திருத்த வேண்டும். பிரசவ அறைப் பதிவேட்டில் எடைக்குப் பக்கத்தில் ‘துளைகள்: மூன்றும் உண்டு / இல்லை’ என்று ஒரு கட்டம் சேர்த்து, பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று சிகிச்சைகளும் முடிந்து குழந்தை மதுரையிலிருந்து மாவட்டத்துக்குத் திரும்பும்போது, அவளைப் பூப்புவரை பின்தொடரப் பொறுப்பான ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

படிப்பவர்களும் செய்யக்கூடியது உண்டு. உங்கள் வீட்டில் பெண்பிள்ளை பிறந்தால், இனிப்பு வாங்க ஓடுவதற்கு முன் செவிலியரிடம் மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்று துளைகளும் தனித்தனியே இருக்கின்றனவா? சிறுநீர் போயிற்றா? முதல் நாளுக்குள் மலம் சரியான வழியாகப் போயிற்றா? ஒன்றுக்காவது ‘தெரியவில்லை’ என்று பதில் வந்தால், பார்த்துச் சொல்லும்வரை குழந்தையை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கேட்கக் கூச வேண்டாம்.